ஒரு ஜோடிக் கம்பி

டெலிபோன் கேபிளைக் கத்தியால் நீளவாக்கில் கீறினால் ஒரு மணம் வரும். மெழுகும் புதுப் பிளாஸ்டிக்கும் கலந்த மணம். சில மாதங்களுக்கு முன்பு மதுரை செல்லூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையைக் கடக்கும்போது அது மூக்கில் ஏறியது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். கடை வாசலில் ஒரு பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மணிக்கட்டுத் தடிமனுள்ள கறுப்புக் கேபிளை உரித்துக்கொண்டிருந்தான். உள்ளே நூற்றுக்கணக்கான செம்புக் கம்பிகள், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில். எல்லாவற்றின் மேலும் பிசுபிசுவென்று ஜெல்லி. "என்னப்பா, வெலை போகுதா?" என்று கேட்டேன். "செம்புக்கு வெலை நல்லாத்தாண்ணே இருக்கு. இந்தப் பிசினைத் தொடச்சு எடுக்கறதுக்குள்ள கை போயிருது" என்றான்.

அந்தப் பிசின் எத்தனை ஐப்பசி மழையைத் தடுத்து நிறுத்தியது என்று அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை. மண்ணுக்கடியில் கேபிளின் மேலுறை எங்காவது கிழிந்தாலும் தண்ணீர் உள்ளே ஓடிப் பரவாமலிருக்க அடைத்த பெட்ரோலியம் ஜெல்லி அது. என் வயதில் பாதிக்கு மேல் அது என் நகக்கண்ணில் இருந்தது. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, சோப்புப் போட்டுக் கழுவி, சாப்பிட உட்கார்ந்தாலும் சோற்றுக் கையில் மணக்கும். தொலைபேசித் துறையில் மஸ்தூராகச் சேர்ந்து, லைன்மேனாகி, ஃபோன் மெக்கானிக்காகி, பரீட்சை எழுதி டெக்னிகல் அசிஸ்டென்ட் ஆனவன் நான். கடப்பாரை பிடித்துக் குழி தோண்டியதில் ஆரம்பித்து, அந்தக் குழியில் கிடந்த கம்பி வழியாகவே வீடுகளுக்கு பிராட்பேண்ட் கொடுத்ததுவரை பார்த்துவிட்டேன்.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு கேபிள் ஜாயின்டர். எங்கள் குழுவில் எல்லோருக்கும் அவர் 'பெரியண்ணன்'. முதல் நாளே நிறப் பாடம் நடத்தினார். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள் ஒரு வரிசை. நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல் இன்னொரு வரிசை. வெள்ளையும் நீலமும் முதல் ஜோடி, வெள்ளையும் ஆரஞ்சும் இரண்டாவது ஜோடி என்று போய், மஞ்சளும் சாம்பலும் சேரும்போது இருபது. "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரிசை வரணும்டா" என்பார். ஒரு முறை இரவு வேலையில் நான் கேபிள் டிரம்மில் சாய்ந்து கண்ணசந்தபோது உண்மையிலேயே எழுப்பி, "பதிமூணு என்ன?" என்று கேட்டார். கறுப்பு–பச்சை என்றேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜெல்லி கேபிள் வருவதற்கு முந்தைய காலத்துக் கேபிள்களும் அப்போது ஊரின் பழைய பகுதிகளில் இருந்தன. கம்பிக்குக் காகிதம் சுற்றி, மேலே ஈயக் குழாய் போர்த்திய கேபிள். அதை இணைப்பது பெரிய வேலை. குழிக்குள் அடுப்பு வைத்துப் பாரஃபின் மெழுகைக் காய்ச்சி, காகிதத்தில் ஈரம் இல்லாமல் போகும்வரை ஜாயின்டின் மேல் ஊற்ற வேண்டும். பிறகு ஈயத்தை உருக்கித் துணியால் தடவித் தடவி மூட வேண்டும். பெரியண்ணன் அந்த வேலையைச் செய்யும்போது பேச மாட்டார். முடித்த பின்தான் வெற்றிலை. "ஈரம் பட்ட ஜாயின்ட் இன்னைக்குப் பேசும், நாளைக்கு இரையும், மறுநா ஊமையாயிரும்" என்பார். நான் பிற்பாடு படித்த தொழில்நுட்பப் புத்தகங்கள் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் எண்களில் எழுதியிருந்தன.

அந்த நாளில் ஒரு வீட்டுக்கு ஃபோன் வருவது கிட்டத்தட்ட விசேஷம். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். கூடுதல் பணம் கட்டி முன்னுரிமை வாங்கும் 'ஓஒய்டி' வரிசையே நீளமாக இருக்கும். நாங்கள் சைக்கிளில் டிராப் ஒயர்ச் சுருளோடு தெருவில் நுழைந்தால் பிள்ளைகள் பின்னால் ஓடி வரும். கம்பம் ஏறி, டிபி பெட்டியில் முடிந்து, சுவரில் ஒரு ரோசட் வைத்து, கருவியை மாட்டி, டயல்டோன் கேட்டு ரிசீவரை வீட்டுப் பெரியவர் கையில் கொடுப்போம். சில வீடுகளில் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் எடுப்பார்கள். எங்களுக்குக் கேசரியும் காப்பியும் கிடைக்கும். பலரும் முதல் ஃபோனைப் பேசுவது பக்கத்துத் தெருவில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு.

எக்ஸ்சேஞ்சுக்குள் அப்போது ஸ்ட்ரௌஜர் இயந்திரங்கள் இருந்தன. நாள் முழுக்கக் கடகடவென்ற சத்தம். ஊரில் ஏதாவது பெரிய செய்தி என்றால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் டயல் செய்வார்கள். பிறகு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்தது. 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் நம் வெயிலையும் தூசியையும் தாங்கும் சிறு கிராம எக்ஸ்சேஞ்சுகளை உருவாக்கியது. பெரிய ஊர்களுக்குப் பெரிய இயந்திரங்கள் வந்தன. ஹாலில் சத்தம் அடங்கி, ஏசி இரைவது மட்டும் கேட்டது. பழைய ஆட்களுக்குச் சில வாரம் காதே அடைத்துப் போன மாதிரி இருந்தது.

டிஜிட்டல் என்றால் என்ன என்று பயிற்சியில் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. குரலை ஒரு நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதினால் நொடிக்கு 64,000 பிட். எக்ஸ்சேஞ்சிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குக் குரல் அப்படித்தான் போனது. வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரைக்குமான கடைசித் துண்டுதான் பழைய அலையாகவே இருந்தது. அந்தத் துண்டையும் டிஜிட்டலாக்கினால் என்ன? அதுதான் ஐஎஸ்டிஎன். ஜப்பானின் என்டிடி 1988-இலேயே அதை வணிகமாகத் தொடங்கிவிட்டது. நம் பக்கம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பேச்சு அடிபட்டது. புதுக் கேபிள் தேவையில்லை, இருக்கும் ஒரு ஜோடிக் கம்பியே போதும் என்று பயிற்சியாளர் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. அதே வெள்ளை–நீலம், அதே 0.5 மில்லிமீட்டர் செம்பு. அதில் 64 கேபிபிஎஸ் தடம் இரண்டு, சைகைக்கென்று 16 கேபிபிஎஸ் தடம் ஒன்று. முதல் இரண்டையும் சேர்த்தால் 128. ஒன்றில் பேசிக்கொண்டே இன்னொன்றில் இன்டர்நெட் பார்க்கலாம்.

ஊருக்குத் திரும்பி வந்து பெரியண்ணனிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, "கம்பி ஒண்ணுதானே? அப்ப ஜாயின்ட் சுத்தமா இருக்கணும்" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்ட விளக்கம்.

நான் போட்டுக் கொடுத்த முதல் ஐஎஸ்டிஎன் லைன் ஒரு கலர் ஸ்கேனிங் சென்டருக்கு. ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரங்களைத் தயாரித்துச் சென்னைக்கு அனுப்புகிற இடம். அதுவரை அவர்களுடைய வழி வேறு. வேலையை ஜிப் டிஸ்க்கில் ஏற்றி, உறையில் போட்டு, மாலையில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போகும் தெரிந்த யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். காலையில் எழும்பூரில் ஓர் ஆள் நிற்பார். டிஸ்க் திறக்கவில்லை என்றால் ஒரு நாள் போயிற்று. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம், விருதுநகர்க்காரர். சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைச் சுவரில் அடித்துக் கம்பியை முடிந்தேன். அவர் அந்தப் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இம்புட்டுதானா தம்பி?" என்றார்.

இரவில் கட்டணம் குறையும் வரை காத்திருந்தோம். இரண்டு தடத்தையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டு எஸ்டிடி காலுக்கான காசு ஓடும் என்பதால் அவர் அதில் கறாராக இருந்தார். டயல் செய்த மாத்திரத்தில் சென்னை கிடைத்தது. சாதாரண மோடம்போலக் கீச்சிட்டுக் கரகரத்து இழுத்தடிக்கும் சங்கதியே இல்லை. ஏறத்தாழ 40 எம்பி உள்ள விளம்பரம். சாதாரண மோடத்தில் மூன்று மணி நேரம் பக்கம் ஆகும், நடுவில் அறுந்தால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். இதில் முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கத்து ஆள் ஃபோனில், "வந்துருச்சு, கலர் சரியா இருக்கு" என்றார். அண்ணாச்சி எழுந்து வெளியே போய்ப் பூட்டப்போன ஹோட்டலைத் திறக்கச் சொல்லி, எல்லோருக்கும் முட்டைப் பரோட்டா வாங்கி வந்தார்.

இன்னொரு காட்சி. வீடியோ கான்ஃபரன்சுக்கு மூன்று ஐஎஸ்டிஎன் லைனை ஒன்றாகச் சேர்த்து 384 கேபிபிஎஸ் ஆக்குவோம். தனியார் அலுவலகம் ஒன்றில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. அங்கே வேலை பார்த்த ஒருவர் வீட்டுப் பெண்ணுக்கு வரன், மாப்பிள்ளை வெளிநாட்டில். லீவு கிடைக்காமல் நிச்சயம் தள்ளிக்கொண்டே போனது. நிறுவனத்தில் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பேச வைத்தார்கள். லைன் நிற்க வேண்டுமே என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். கூட்ட மேசையின் மேல் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பூ. திரையில் பையனின் முகம் கொஞ்சம் தயங்கித் தயங்கி அசைந்தது. உதடு முன்னால் போக, குரல் பின்னால் வந்தது. பெண்ணின் அப்பத்தா திரைக்கு அருகில் போய், "நல்லாருக்கியாப்பா? சாப்ட்டியா?" என்று சத்தமாகக் கேட்டார். ஒரு கணம் கழித்துப் பையன் சிரித்துக்கொண்டு, "சாப்ட்டேன் அப்பத்தா" என்றான். அப்பத்தா என்று அவன் கூப்பிட்டதிலேயே பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது. நான் மூலையில் நின்று பெட்டியின் பச்சை விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் அணையவில்லை.

ஆனால் ஐஎஸ்டிஎன் வீடுகளுக்குள் அதிகம் போகவில்லை. எனக்குத் தெரிந்து இரண்டு காரணம். ஒன்று, காசு. இன்டர்நெட் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் கால் கணக்கில் ஏறும். இன்னொன்று மின்சாரம். சாதாரண ஃபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும், எக்ஸ்சேஞ்ச் பேட்டரி அறையில் கண்ணாடி ஜாடிகளில் ஆசிட் குமிழி விட்டுக்கொண்டிருக்கும்வரை, வீட்டில் ஃபோன் அடிக்கும். ஐஎஸ்டிஎன் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். ஒரு டாக்டர் வீட்டில் கரண்ட் போனபோதெல்லாம் ஃபோனும் போனது. "அவசரத்துக்கு உதவாத ஃபோன் எனக்கெதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பழைய லைனையும் பக்கத்திலேயே வைத்துக் கொடுத்தோம்.

வீடுகளில் அந்தச் சமயத்தில் ஆட்சி செய்தது டயல்-அப்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்துவிட்டது. சென்னை, பம்பாய் என்று பெருநகரங்களில் ஆரம்பித்து எங்களுக்கு வந்து சேரச் சில வருஷம் ஆயிற்று. பிள்ளை மோடம் போட்டால் வீட்டில் ஒருவரும் ஃபோனைத் தொடக் கூடாது. சமையலறையில் இருக்கும் எக்ஸ்டென்ஷனை அம்மா தெரியாமல் எடுத்துவிட்டால், "யம்மா! வையுங்கம்மா!" என்று மாடியிலிருந்து ஓர் அலறல். மகள் பிரசவத்துக்கு இருக்கும் வீட்டில், மருமகன் கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்கேஜ்டு டோன் கேட்டுப் பதறி, நேரில் பஸ் ஏறி வந்த கதையும் நடந்தது. புகார் எங்களுக்கு வந்தது. 198-இல் பதிவு செய்து, "ஃபோன் அவுட் ஆஃப் ஆர்டர்" என்று சீட்டு. போய்ப் பார்த்தால் பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

கிராமங்களில் அந்தச் சமயம் நடந்த ஒரு முயற்சியை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. மேலூர் வட்டாரத்தில் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையில் ஊர் ஊராக இன்டர்நெட் கியோஸ்க் வைத்தார்கள். குரலும் 35 அல்லது 70 கேபிபிஎஸ் வேகத்தில் இணையமும் சேர்ந்து போகும். கண்ணில் பிரச்சினை உள்ளவர்களை வெப்கேமரா முன்னால் உட்கார வைத்து, படம் எடுத்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இந்த நாளின் வேகத்தில் இதெல்லாம் சொற்பம். ஆனால் பஸ் ஏறி மதுரைக்கு வரலாமா வேண்டாமா என்று ஒரு கிழவிக்குச் சொல்ல அது போதுமானதாக இருந்தது. கம்பி போகாத ஊரில் கம்பி இல்லாமலே இதைச் செய்துகாட்டியவர்கள் மேல் கம்பிக்காரனான எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

2004-இல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கை வெளியிட்டது. எப்போதும் இணைந்தே இருக்கும், குறைந்தது 256 கேபிபிஎஸ் உள்ள இணைப்புதான் பிராட்பேண்ட் என்று அதில் வரையறுத்தார்கள். அடுத்த பொங்கலன்று, 2005 ஜனவரி 14, எங்கள் பிஎஸ்என்எல் தன் பிராட்பேண்ட் சேவையான டேட்டாஒன்னைத் தொடங்கியது. எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு டீஸ்லாம் எனும் கருவி வந்து இறங்கியபோது, அதைத் தூக்கி வைத்தவர்களில் நானும் இருந்தேன். இதற்கும் புதுக் கேபிள் கிடையாது. பெரியண்ணன் ஈயம் தடவிய, நான் ஜெல்லி துடைத்த அந்தப் பழைய ஜோடியேதான்.

இதில் இருக்கும் நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. நாம் பேசும் குரலுக்கு ஃபோன் லைனில் 4,000 ஹெர்ட்ஸ் வரைதான் இடம். அதற்கு மேலே செம்பு சும்மாவே கிடந்தது. ஏறக்குறைய 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை நீளும் அந்தக் காலி இடத்தில் டேட்டாவை ஏற்றினார்கள். அமெரிக்காவில் பெல்கோர் ஆய்வகத்தில் ஜோசப் லெக்லைடர் என்பவர் ஒன்றைக் கவனித்தார். ஒரே கேபிளுக்குள் நூறு ஜோடி நெருக்கிக் கிடக்கும்போது ஒன்றின் சைகை இன்னொன்றில் கசிகிறது. போகும் வேகமும் வரும் வேகமும் சமமாக இருந்தால் இந்தக் கசிவு பாதகம் செய்கிறது. வீட்டில் இருப்பவர் அனுப்புவதைவிட வாங்குவதுதான் அதிகம். எனவே வரும் பக்கத்துக்கு அகலம், போகும் பக்கத்துக்குக் குறுகல் என்று பிரித்துவிட்டால் கசிவு குறையும், வேகம் கூடும். ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜான் சியோஃபி, அந்த இடத்தைச் சின்னச் சின்ன 256 பகுதிகளாக்கி, எந்தப் பகுதியில் இரைச்சல் அதிகமோ அதில் குறைவாகவும் மற்றதில் நிறையவும் ஏற்றும் முறையை வளர்த்தெடுத்தார். இரண்டும் சேர்ந்ததுதான் நம் வீட்டுக்கு வந்த ஏடிஎஸ்எல். முதலில் இதை வைத்து ஃபோன் கம்பியில் சினிமா காட்டலாம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் சொல்ல முடியுமா? கே.கே. நகரில் ஒரு பாட்டியம்மா என்னை விடவில்லை. "ஒரே கம்பில அவன் கம்ப்யூட்டர் பாக்குறான், நான் பேசுறேன், எப்படிப்பா கலக்காம இருக்கு?" என்றார். கல்யாண வீட்டில் நாகஸ்வரமும் ஒத்தும் சேர்ந்து ஒலிக்கிறதே, ஒத்து கீழே ஒரே சுருதியில் நிற்கிறது, நாகஸ்வரம் மேலே ஓடுகிறது, உங்கள் காது இரண்டையும் தனித்தனியே எடுத்துக்கொள்வதில்லையா என்று கேட்டேன். சுவரில் இருந்த ஸ்ப்ளிட்டரைக் காட்டி, "அந்தக் காதுதான் இது" என்றேன். பாட்டியம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு அந்தத் தெருவில் யாருக்கு லைன் போட்டாலும் ஸ்ப்ளிட்டர் விளக்கத்தை அவரே சொல்லிவிடுவார்.

தேவை வெள்ளமாக வந்தது. "போர்ட் காலியில்லை சார், வந்ததும் போட்டுத் தர்றேன்" என்பதுதான் அந்த நாள்களில் நான் அதிகம் சொன்ன வாக்கியம். ப்ளஸ் டூ ரிசல்ட் நாளில், வீட்டில் லைன் இருப்பவர்களின் வாசலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பதிவு எண் எழுதிய சீட்டோடு நிற்பார்கள். முன்பு ஃபோன் இருந்த வீட்டில் தெருவே வந்து நின்றது மாதிரிதான். மாதம் 500 ரூபாய்த் திட்டத்தில் ஓர் அளவுவரைதான் பதிவிறக்கம். அதற்கு மேல் எம்பிக்கு எம்பி காசு. பில் வந்த வீடுகளில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளாத மாதங்கள் உண்டு. பிறகு அதிகாலை 2 மணி முதல் 8 மணிவரை கணக்கில்லை என்று ஒரு சலுகை வந்தது. ஊரில் பாதி இளைஞர்கள் இரண்டு மணிக்கு அலாரம் வைத்தார்கள். இரவுப் பணியில் இருக்கும்போது, சுவர்க் கடிகாரம் இரண்டைத் தொட்டதும் டீஸ்லாம் விளக்குகள் வரிசையாகத் துடிக்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் ஒரு வீடு. பெரும்பாலும் எந்த வீடு என்று எனக்குத் தெரியும்.

2007 தொடக்கத்தில் வேகத்தை 2 எம்பிபிஎஸ் வரை உயர்த்தினார்கள். அப்போதுதான் லைன்களின் உண்மையான ஆரோக்கியம் வெளியே தெரிந்தது. 256-இல் தாக்குப்பிடித்த லைன் 2 எம்பியில் மூச்சு வாங்கியது. "லைட் நிக்க மாட்டேங்குது சார்" என்று புகார். வில்லாபுரம் பக்கம் ஒரு வீடு, எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம். மகன் இன்ஜினீயரிங் கடைசி வருஷம், வேலைக்கு ஆன்லைனில் பரீட்சை. மோடம் பக்கத்தைத் திறந்து பார்த்தால், இரைச்சலுக்கு மேலே சைகை எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் எஸ்என்ஆர் 6-க்கும் 4-க்கும் இடையில் ஊசலாடுகிறது. 6-க்குக் கீழே போனால் லைன் நிலைக்காது என்பது எங்கள் கணக்கு. தெருவோரப் பில்லர் பெட்டியில் நன்றாக இருக்கிறது, வீட்டில் இல்லை. நடுவில் எங்கேயோ கோளாறு.

பெரியண்ணன் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து தெருவின் பெயரைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். "அந்தத் தெரு மொனையில முருங்கமரம் இருந்துச்சே, இருக்கா? அதுக்கு மேக்கால மூணு அடியில ஒரு ஜாயின்ட். குடிதண்ணிக் குழாய் போட வந்தவங்க வெட்டிட்டாங்க, ராத்திரியோட ராத்திரியா மழைல முடிஞ்சது. அதைத் தொறந்து பாரு" என்றார். முருங்கை மரம் இல்லை, அந்த இடத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நின்றது. அளந்து தோண்டினோம். மூன்று அடியில் ஜாயின்ட். திறந்தால் உள்ளே ஈரம், பச்சைக் களிம்பு. வெட்டியெறிந்து, கம்பியை முறுக்கிக் கனெக்டர் வைத்து, ஜெல்லி நிரப்பி மூடினேன். மோடத்தில் எஸ்என்ஆர் 14 காட்டியது. அந்தப் பையன் பரீட்சை எழுதினான், வேலைக்கும் போனான். பெங்களூரிலிருந்து வரும்போது இன்றும் வீட்டுக்கு வருவான்.

அந்த ஜாயின்ட் எந்த வரைபடத்திலும் இல்லை. அது பெரியண்ணன் தலைக்குள்தான் இருந்தது. அவர் போன பிறகு நான் அடிக்கடி நினைப்பது இதைத்தான். ஐஎஸ்டிஎன், ஏடிஎஸ்எல் என்று பெயர் மாறி மாறி வந்த வேகத்துக்கு விளம்பரம் வந்தது, திட்டங்கள் வந்தன, அமைச்சர்கள் பொத்தானை அழுத்தினார்கள். லெக்லைடரின் பெயராவது புத்தகத்தில் இருக்கிறது. ஐம்பது வருஷம் மழை நீரோடு மல்லுக்கட்டி அந்த ஜோடியை உயிரோடு வைத்திருந்தவர்களை யாரும் எழுதவில்லை. கம்பி சுத்தமாக இல்லாத ஊரில் எந்தக் கண்டுபிடிப்பும் வேலை செய்திருக்காது. இதை நான் நேரில் பார்த்துச் சொல்கிறேன்.

இப்போது எல்லாமே ஃபைபர். தலைமுடி அளவுக் கண்ணாடி இழையில் வரும் வேகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் வீட்டிலும் அதுதான். செம்பைப்போல ஈரம் பட்டதும் அது இரைவதில்லை. வெளிநாடுகளிலும் செம்பை மூடிக்கொண்டு வருகிறார்கள். பிரிட்டனில் பழைய ஃபோன் வலையமைப்பை 2027 தொடக்கத்தில் நிறுத்தப்போவதாக அறிவித்திருக்கிறார்கள், ஐஎஸ்டிஎன்னும் அதோடு போகிறது. இங்கே 2019-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 2020 ஜனவரி 31 அன்று ஏறத்தாழ 78,000 பேர் ஒரே நாளில் பிஎஸ்என்எல்லிலிருந்து வெளியே வந்தோம். லைன்மேன்கள், ஜாயின்டர்கள், மெக்கானிக்குகள், ஆபரேட்டர்கள். எந்தத் தெருவில் எந்தக் கேபிள், எந்த மரத்தடியில் எந்த ஜாயின்ட் என்று தெரிந்த தலைகள் அன்றைக்கு வீட்டுக்குப் போயின.

அந்தத் தலைகளில் பல இன்னும் நம்மிடையே இருக்கின்றன. உங்கள் தெருவுக்கு லைன் பார்த்தவர் ஒருவர் இருந்திருப்பார். சைக்கிளில் வந்தவர், காக்கிச் சட்டை போட்டவர், உங்கள் வீட்டு முதல் ஃபோனை உங்கள் தாத்தா கையில் கொடுத்தவர். பெயர் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் ஊரில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், ஃபோனில் பதிவு செய்தாலும் சரி. ஊரின் கதையைச் சேர்த்து வைக்கும் நூலகமோ கல்லூரியோ உங்கள் பக்கம் இருந்தால் ஒரு நகலை அங்கே கொடுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் எங்களில் நிறையப் பேர். சீக்கிரம் போங்கள்.